கூடம் கோணலாகவும் இருக்கலாம்

கணினியில் இயங்குதளம் மாறும்போதெல்லாம் ஓர் உபதேசமும் கூடவே வந்து இறங்குகிறது. "எதையும் மாத்தாதீங்க. ரெண்டு வாரம் அப்படியே விடுங்க. தானா பழகிடும்." அலுவலகத்துக்குக் கணினி பராமரிக்க வருபவர் இதைச் சொல்கிறார். யூடியூபில் வழிகாட்டுபவர் சொல்கிறார். வீட்டில், கல்லூரிக்குப் போகும் பிள்ளை சொல்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதையொட்டிப் பலர் விண்டோஸ் 11க்கும், சிலர் லினக்ஸுக்கும் மேக்குக்கும் மாறினார்கள். அப்போதும் இதே உபதேசம்தான்.

அதற்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. குறை சொல்பவர் மாற்றத்துக்கு அஞ்சுபவர், வயதானவர், இல்லையென்றால் சோம்பேறி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு சிரிப்பு. கடந்த பதினைந்து ஆண்டுகளில் இயங்குதளங்களின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால், கூடம் பல தடவை உண்மையிலேயே கோணலாக இருந்தது தெரியும். கட்டியவர்களே பின்னால் வந்து, பெரும்பாலும் சத்தம் போடாமல், நிமிர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் என் ஆலோசனை அந்த உபதேசத்துக்கு நேர் எதிரானது. புதிய இயங்குதளம் கைக்கு வந்த முதல் நாளே அதை உங்கள் கைக்கு வளையுங்கள். அது வளைய மறுக்கிற இடங்களில் மட்டும் நீங்கள் வளைந்துகொடுங்கள். புதிதாகக் கற்பது அதற்கப்புறம், அதுவும் உங்களுக்கு வேண்டியதை மட்டும்.

விண்டோஸ் 8இலிருந்து தொடங்குவோம். அது வெளிவந்த நாள் 2012 அக்டோபர் 26. விண்டோஸ் 95 காலத்திலிருந்து திரையின் இடது கீழ் மூலையில் இருந்துவந்த ஸ்டார்ட் பொத்தானை அதில் எடுத்துவிட்டார்கள். கணினியைப் போட்டால் டெஸ்க்டாப் வராது, திரை முழுக்க வண்ணக் கட்டங்கள் வரும். கணினியை அணைக்க வேண்டுமா? மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து 'சார்ம்ஸ்' என்ற பட்டை வழுக்கிக்கொண்டு வரும். அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதற்குத் திரையில் ஓர் அடையாளம்கூடக் கிடையாது. விரலால் தொடும் பலகைக் கணினிக்காக வரைந்த ஒன்றை, மவுஸும் விசைப்பலகையும் வைத்து வேலை செய்பவர்கள் தலையிலும் கட்டினார்கள்.

அந்த முடிவுக்கு நிறுவனம் ஒரு நியாயமும் சொன்னது. ஸ்டார்ட் மெனுவைத் திறப்பவர்கள் குறைந்துவருகிறார்கள், மக்கள் தேவையான நிரல்களைக் கீழே டாஸ்க்பாரிலேயே பொருத்திக்கொள்கிறார்கள் என்று பயன்பாட்டுத் தரவைக் காட்டியது. எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். ஆனால் எத்தனை தடவை போனார்கள் என்று எண்ணியவர்கள், எதற்காகப் போனார்கள் என்று பார்க்கவில்லை. அன்றாடம் தேவைப்படும் நான்கைந்து நிரல்கள் டாஸ்க்பாரில் இருக்கும். மாதம் ஒருமுறை தேவைப்படுவதைத் தேடித்தான் ஆள் ஸ்டார்ட் மெனுவுக்குப் போவார். வழி தெரியாமல் நிற்கும் நேரத்தில் போகிற இடம் அது. அதைத் தூக்கிவிட்டு, போக்குவரத்து குறைவு என்று கணக்குக் காட்டினார்கள்.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 2013 அக்டோபரில் வந்த 8.1இல் பொத்தான் திரும்பியது. நேரே டெஸ்க்டாப்பில் இறங்கும் வசதியும் வந்தது. 2014 ஏப்ரல் புதுப்பிப்பில், அணைக்கும் பொத்தான் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்தது. 2015 ஜூலை 29 அன்று வந்த விண்டோஸ் 10இல் மெனுவே திரும்பிவிட்டது. சார்ம்ஸ் பட்டை காணாமல் போனது. இப்போது ஒரு கேள்வி. அந்த மூன்று ஆண்டுகளில் உபதேசத்தைக் கேட்டு, மூலைகளையும் பட்டைகளையும் பாடுபட்டுப் பழகியவருக்கு என்ன கிடைத்தது? பழகியதை மறக்கும் இரண்டாவது வேலை. "எனக்கு வேண்டாம்" என்று விண்டோஸ் 7இலேயே உட்கார்ந்திருந்தவருக்கோ எந்த நட்டமும் இல்லை. 7க்கான ஆதரவு 2020 ஜனவரி வரை இருந்தது. அவர் நிதானமாக நேரே 10க்குப் போனார்.

லாப நோக்கு நிறுவனங்களின் கோளாறு இது, கட்டற்ற மென்பொருள் உலகில் இப்படி நடக்காது என்று யாராவது நினைத்தால் உபுண்டுவைப் பார்க்கலாம். 2010 ஏப்ரலில் வந்த உபுண்டு 10.04இல், சாளரத்தை மூடும் பொத்தான்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் யூனிட்டி என்ற புதிய முகப்பைக் கொண்டுவந்தார்கள். நிரல்களை அடுக்கியிருக்கும் பட்டை திரையின் இடது ஓரத்தில் நிற்கும், அதை நகர்த்த முடியாது. கீழே வைத்துக்கொள்ளும் வசதி கேட்டவர்களுக்கு, எங்கள் வடிவமைப்பு நோக்கத்துக்கு அது பொருந்தாது என்று பதில் வந்தது. அந்த வசதி 16.04இல், அதாவது ஐந்து ஆண்டுகள் கழித்து, தரப்பட்டது. அடுத்த ஆண்டே யூனிட்டியைக் கைவிடுவதாக மார்க் ஷட்டில்வொர்த் அறிவித்தார். 2017 அக்டோபரில் வந்த 17.10இல் மூடும் பொத்தான்கள் மறுபடி வலப்பக்கம் போய்ச் சேர்ந்தன. ஏழரை ஆண்டு இடம் போய் வந்ததில் யாருக்கு என்ன ஆதாயம் என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை.

அதே 2011 ஏப்ரலில் ஜிநோம் 3 வந்தது. சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் அதில் இயல்பாக இல்லை. லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அதை வெளிப்படையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ முகப்புக்குப் போனார். அவரை மாற்றத்துக்கு அஞ்சுபவர் என்றோ கணினி தெரியாதவர் என்றோ சொல்லத் துணிபவர்கள் சொல்லட்டும். பின்னாளில் அவர் ஜிநோமுக்குத் திரும்பியதும் உண்மை. ஆனால் நீட்சிகளைச் சேர்த்துத் தன் கைக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொண்டுதான் திரும்பினார். சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பழைய ஜிநோம் 2இன் நிரலையே எடுத்து 'மாட்டே' என்று தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் குழு 'சினமன்' என்ற முகப்பை உருவாக்கியது. இன்று விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருபவருக்கு, கூச்சமில்லாமல் காட்டக்கூடிய முதல் வீடு சினமன்தான். முணுமுணுத்தவர்கள் கட்டிய வீடு அது.

இனி, இப்போது பலர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 11. 2021 அக்டோபர் 5 அன்று வந்தபோது அதன் டாஸ்க்பாரில் இல்லாமல் போனவற்றின் பட்டியல் நீளமானது. பட்டையைத் திரையின் மேலோ பக்கவாட்டிலோ வைக்க முடியாது. ஒரே நிரலின் பல சாளரங்களைத் தனித்தனியாகப் பெயரோடு காட்டாது, எல்லாவற்றையும் ஒரே ஐகானுக்குள் அடைத்துவிடும். கோப்பை இழுத்துவந்து பட்டையில் உள்ள நிரலின் மேல் போட முடியாது. பட்டையில் ரைட் கிளிக் செய்தால் டாஸ்க் மேனேஜர் வராது. இரண்டாவது திரையில் கடிகாரம் கிடையாது. "நவீனமான, எளிமையான தோற்றம், பழகிக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

இரண்டாவது திரைக்குக் கடிகாரமும், இழுத்துப் போடும் வசதியும் 2022இல் திரும்பின. சாளரங்களைப் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி 2023இல் வந்தது. டாஸ்க் மேனேஜரும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது கோப்பு மெனுவின் கதை. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் வெட்டு, நகலெடு, ஒட்டு, பெயர் மாற்று, நீக்கு எல்லாம் விண்டோஸ் 11இல் பெயரில்லாத சிறு சித்திரங்களாகிவிட்டன. மெனு சில நேரம் சுட்டிக்கு மேலே விரியும், சில நேரம் கீழே. அதற்கேற்ப அந்தச் சித்திரங்களும் மேலேயும் கீழேயுமாக இடம் மாறும். எது நகலெடுப்பது, எது பெயர் மாற்றுவது என்று ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்க்க வேண்டும். 2024இன் பெரிய புதுப்பிப்பில் அந்தச் சித்திரங்களுக்குக் கீழே பெயர் எழுதி வைத்தார்கள். எழுத்து எழுத்தாகவே இருந்திருந்தால் இந்த மூன்று ஆண்டுகள் மிச்சம்.

ஆப்பிள் தரப்பு ரசிகர்கள் இங்கே சிரிக்க வேண்டியதில்லை. 2013 செப்டம்பரில் ஐஓஎஸ் 7 வந்தபோது, செயலியைத் திறக்கும்போதும் மூடும்போதும் திரை பெரிதாகிச் சுருங்கும் அசைவு சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் தந்தது. அவர்களிடமும் பழகிவிடும் என்றுதான் சொல்லப்பட்டது. காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்புக்கு உபதேசம் புரியாது. அடுத்த மாதமே 7.0.3 புதுப்பிப்பில், அசைவைக் குறைக்கும் அமைப்பை அந்த அசைவுகளையும் நிறுத்தும்படி ஆப்பிள் திருத்தியது. 2025 செப்டம்பரில் 'லிக்விட் கிளாஸ்' என்ற கண்ணாடித் தோற்றத்தை ஐபோனுக்கும் மேக்குக்கும் கொண்டுவந்தார்கள். எழுத்து பின்னணியில் கரைந்து படிக்க முடியவில்லை என்றவர்களுக்கு முதலில் ஏளனம் கிடைத்தது. நவம்பரில் 26.1 புதுப்பிப்பில், அந்தக் கண்ணாடியை மங்கலாக்கிக்கொள்ளும் தேர்வு கிடைத்தது. இரண்டே மாதம்.

மறுதரப்பின் வலுவான வாதத்தை நான் தவிர்க்கப் பார்க்கவில்லை. விண்டோஸ் 95 வந்தபோதும் எல்லாம்தானே தலைகீழானது? 3.1இன் புரோகிராம் மேனேஜரில் பழகியவர்கள் ஸ்டார்ட் மெனுவைப் பார்த்து விழிக்கவில்லையா? பழகவில்லையா? இன்று நீங்கள் கட்டிக்கொண்டு அழும் ஸ்டார்ட் மெனுவே ஒரு காலத்தில் திணிக்கப்பட்ட புதுமைதானே?

உண்மை. ஆனால் அந்த மாற்றம் வந்த விதத்தைப் பாருங்கள். சாதாரணப் பயனாளர்களை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வரைந்து அழித்து வரைந்த முகப்பு அது. அந்த வேலையில் இருந்த கென்ட் சல்லிவன் 1996இல் அதை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியமானது இன்னொன்று. விண்டோஸ் 95க்குள் பழைய புரோகிராம் மேனேஜர் அப்படியே இருந்தது. வேண்டுமென்பவர் அதைத் திறந்து பழையபடி வேலை பார்க்கலாம். எக்ஸ்பி ஸ்டார்ட் மெனுவை மாற்றியபோது பழைய வடிவத்தையும் 'கிளாசிக்' என்ற பெயரில் வைத்திருந்தது. விஸ்டாவும் அப்படியே. திரும்பிப் போக வழி இருந்ததால்தான் மக்கள் தயங்காமல் முன்னே போனார்கள். விண்டோஸ் 8 அந்த வழியை அடைத்தது. ஆகவே 95ஐச் சாட்சிக்கு அழைப்பவர்கள் எனக்காகச் சாட்சி சொல்கிறார்கள்.

பழக்கம் என்றால் என்ன என்பதிலும் இந்த உபதேசிகளுக்குத் தெளிவில்லை. ஏதோ பிடிவாதம் போலப் பேசுகிறார்கள். மேகின்டாஷ் திட்டத்தை ஆப்பிளில் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின், ஒரு முகப்பு 'இயல்பாகப் புரிகிறது' என்று மக்கள் சொல்லும்போது அது ஏற்கெனவே பழகியதுபோல் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறார்கள் என்று வாதிட்டவர். ஒரு செயல் கைக்குப் பழகிவிட்டால் மனம் அதிலிருந்து விடுபடுகிறது. விடுபட்ட மனம்தான் கணக்கைப் பார்க்கிறது, எழுத்துப் பிழையைப் பிடிக்கிறது. பொத்தானை இடம் மாற்றினால் விரலுக்கு மட்டும் சிரமம் என்று நினைக்கிறோம். உண்மையில், வேலையில் இருந்த கவனத்தைப் பிடுங்கி மறுபடி கருவியின் மேல் ஒட்டுகிறோம்.

ஜான் கரோலும் மேரி பெத் ராஸனும் 1987இல் எழுதிய ஒரு கட்டுரையை இந்த விவாதத்தில் அடிக்கடி இழுப்பார்கள். ஐபிஎம்மில் ஆய்வு செய்தவர்கள் அவர்கள். மக்கள் கையேட்டைப் படிப்பதில்லை, நேரே வேலையில் இறங்குகிறார்கள், நல்ல வழி புதிதாக வந்தாலும் தெரிந்த வழியிலேயே போகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். பார்த்தீர்களா, பயனாளரின் சோம்பல் அன்றே நிரூபணமாகிவிட்டது என்கிறது மறுதரப்பு. நான் அதை வேறுமாதிரி படிக்கிறேன். மனிதர் கணினி முன்னால் உட்காருவது கணினியைப் படிக்க இல்லை. மாலைக்குள் திருமண அழைப்பிதழை அச்சுக்கு அனுப்ப வேண்டிய டிடிபி ஆபரேட்டர், இ-சேவை மையத்தில் வரிசை நிற்கும்போது வருமானச் சான்றுக்கு ஸ்கேன் ஏற்றும் பெண், இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கு முடிக்க வேண்டிய கணக்கர், இவர்களுக்கெல்லாம் "ரெண்டு வாரம்" யார் கொடுப்பார்கள்? அந்த இரண்டு வாரத்தின் தாமதமும் தவறும் வசவும் அவர்கள் கணக்கில்தான் எழுதப்படும். உபதேசம் செய்பவருக்கு அதில் ஒரு பைசா செலவில்லை.

விண்டோஸ் 11 டாஸ்க்பாரின் ஐகான்களை நடுவுக்குக் கொண்டுவந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் அழகு சம்பந்தப்பட்டது, இதற்கு ஏன் சண்டை என்பார்கள். பால் ஃபிட்ஸ் 1954இல் நிறுவிய ஒரு விதி இருக்கிறது. ஓர் இலக்கைச் சென்று தொட ஆகும் நேரம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திரையின் மூலை இதில் ஒரு தனிச் சலுகை பெற்ற இடம். மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் சுட்டி மூலையைத் தாண்டிப் போகாது, அங்கேயே முட்டி நிற்கும். கண்ணால் பார்க்காமலே ஸ்டார்ட் பொத்தானைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம் அதுதான். விண்டோஸ் 11 அதை நடுவில் வைத்தது. அதோடு விடவில்லை. நிரல்களைத் திறக்கத் திறக்க ஐகான் வரிசை இருபக்கமும் விரியும், ஸ்டார்ட் பொத்தான் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். காலையில் இருந்த இடத்தில் மதியம் இருக்காது. ஓரிடத்தில் நிற்காத பொருளுக்குக் கை எத்தனை வாரம் பழகினாலும் பழகாது. இதில் "பழகிடும்" என்பது வடிவமைப்புக் கணக்கின்படியே பொய்.

ஆகவே விண்டோஸ் 11இல் முதல் நாள் முதல் வேலை: செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய், 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் அலைன்மென்ட்டை இடது பக்கம் என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் பொத்தான்களை ஒன்றாக அடைக்கும் தேர்வை 'நெவர்' என்று வையுங்கள். ஒரே நேரத்தில் நாலு எக்செல் கோப்பு திறந்து வைப்பவருக்கு இதன் அருமை தெரியும். விட்ஜெட்ஸ் போன்ற தேவையில்லாத பொத்தான்களை அங்கேயே அணைத்துவிடலாம். ரைட் கிளிக்கில் பழைய முழு மெனு வேண்டுமானால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் போதும், 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்ற இடைத்தரகரைத் தாண்டிவிடலாம். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் அக்செஸிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸைக் கூட்டுங்கள். அது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் என்று ஒதுங்கி, ஐம்பதைக் கடந்த கண்களோடு கழுத்தை நீட்டி உட்காருபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இதற்கெல்லாம் கால் மணி நேரம் ஆகும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் அப்டேட் வந்து எல்லாம் கலைந்துவிடுமே? இன்னொருவர் கணினியில் உட்கார்ந்தால் தடுமாற வேண்டுமே? பாதி ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸ் 11ஐ 10 போல வேஷம் போடவைக்கும் வெளி நிரல்கள் உண்டு. ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் வித்தைகளும் உண்டு. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பெரிய அப்டேட்டுகளில் அவை உடைவது வழக்கம், உடையும்போது டாஸ்க்பாரையே காணாமல் செய்துவிடவும் கூடும். நிறுவனமே செட்டிங்ஸில் வைத்திருக்கும் தேர்வுகளுக்குள் நில்லுங்கள். அவை அங்கே இருப்பதற்குக் காரணமே உங்களைப் போன்றவர்கள் போட்ட கூச்சல்தான், வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்தவர் கணினியில் எப்போதாவது உட்காருவதற்காக, தினம் உட்காரும் கணினியில் சிரமப்படுவது எனக்கு விளங்காத தியாகம்.

கற்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு புதிய இயங்குதளத்தில் வெறுமனே இடம் மாறியவை ஒரு வகை. முன்பு முடியாத காரியத்தை முடியும்படி செய்பவை வேறு வகை. முதல் வகையை எதிர்த்துச் சண்டை போடுங்கள். இரண்டாவது வகையைக் கற்பதற்கு நான் யாருக்கும் சளைத்தவனில்லை. விண்டோஸ் விசையோடு 'வி' அழுத்தினால், அண்மையில் நகலெடுத்தவை பட்டியலாக வரும். முதல் தடவை மட்டும் அதை இயக்க அனுமதி கேட்கும். படிவம் நிரப்பும் வேலை செய்பவருக்கு இது வரப்பிரசாதம். விண்டோஸ் விசை, ஷிஃப்ட், 'எஸ்' மூன்றும் சேர்ந்தால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமெடுக்கலாம். விண்டோஸ் விசையோடு 'இசட்' அழுத்தினால் இரண்டு மூன்று சாளரங்களை அளவாக அடுக்கும் கட்டங்கள் வரும். விண்டோஸ் 11இல் உண்மையாகவே நன்றாகச் செய்திருக்கும் காரியம் அது. நிரலைத் தேடி மெனுவில் அலையாமல், விண்டோஸ் விசையைத் தட்டிப் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்தால் வந்து நிற்கும். பொத்தான்கள் ஊர்வலம் போனாலும் குறுக்குவிசைகள் பெரும்பாலும் அசையாமல் இருக்கின்றன. விண்டோஸ் விசையோடு 'இ' அழுத்தினால் கோப்புகள் திறப்பதும் 'டி' அழுத்தினால் டெஸ்க்டாப் வருவதும் பல பதிப்புகளைத் தாண்டி நிற்கின்றன. கற்கும் உழைப்பை அழியாத இடத்தில் போடுங்கள்.

மேக்குக்குப் போகிறவருக்கு நான் சொல்வது சற்று வேறு. அங்கே மாறுவது அலங்காரம் மட்டுமில்லை, அடிப்படை ஒழுங்கே வேறு. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சாளரம் மூடும், நிரல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த கமாண்டும் 'கியூ'வும். கோப்பைத் தேர்ந்து என்டர் தட்டினால் அது திறக்காது, பெயர் மாற்றத் தயாராகும். கோப்பை வெட்டி ஒட்ட முடியாது, கமாண்ட் 'சி'யால் நகலெடுத்து கமாண்ட், ஆப்ஷன், 'வி' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இடம் பெயரும். கண்ட்ரோலையும் கமாண்டையும் மாற்றிப் போட்டு விண்டோஸ் போல ஆக்க வழி இருக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள் என்பேன். அங்கே கமாண்ட் விசை எல்லா நிரல்களிலும் ஒரே ஒழுங்கில் வேலை செய்கிறது, அதைக் குலைத்தால் நட்டம் உங்களுக்கு. ஆனால் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் எதிர்த்திசையில் ஓடுகிறதே, அதை முதல் நாளே மாற்றுங்கள். 2011இல் லயன் பதிப்பில் 'இயற்கையான' உருட்டல் என்று பெயர் சூட்டி வந்தது அது. டச்பேடில் விரலுக்கு அது பொருந்துகிறது என்பதை ஏற்கிறேன். சக்கரத்துக்குப் பொருந்தவில்லை. மேக்கில் ஒன்றை மாற்றினால் மற்றதும் சேர்ந்து மாறும் என்பது இன்னொரு எரிச்சல்.

லினக்ஸுக்குப் போக நினைப்பவருக்கு, முகப்பைத் தேர்வு செய்ய முடியும் என்பதையே பலர் சொல்லித் தருவதில்லை. உபுண்டுவின் ஜிநோமைப் போட்டுக்கொடுத்து "பழகிடும்" என்று போய்விடுகிறார்கள். மின்ட்டின் சினமனில் மெனு இடது கீழ் மூலையில் இருக்கிறது, பட்டை கீழே இருக்கிறது, கடிகாரம் வலப்பக்கம். விண்டோஸிலிருந்து வருபவருக்கு அதுவே போதும். டாலியும் பேஜ்மேக்கரும் அங்கே நேரடியாக ஓடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

தமிழில் தட்டச்சு செய்பவருக்கு இந்த விவாதம் புதிதே இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி, தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு என்று யோசித்துச் செய்த அமைப்பு அது. புதிதாகக் கற்பவருக்கு நான் அதையே சொல்வேன். ஆனாலும் தட்டச்சுப் பயிலகத்தில் தேர்வெழுதி வந்தவர் விரல்கள் பழைய தட்டச்சு அமைப்பில்தான் ஓடின. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினிக்குப் பழகிய கைகள் ஏராளம். என்எச்எம் ரைட்டர் போன்ற எழுதிகளைச் செய்தவர்கள் யாரையும் திருத்தப் போகவில்லை. தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி, ஒலிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரே நிரலில் வைத்து, எடுத்துக்கொள் என்றார்கள். எழுத்துருக் குழப்பத்திலிருந்து யூனிகோடுக்கு அத்தனை பேர் வந்து சேர்ந்ததில், விரல்களைத் தொந்தரவு செய்யாத அந்தப் பெருந்தன்மைக்குப் பெரிய பங்கு இருப்பதாகவே நினைக்கிறேன். உள்ளே குறியாக்கம் முழுக்க மாறியது, வெளியே கை மாறவில்லை. சிலிக்கன் பள்ளத்தாக்கின் வடிவமைப்பாளர்கள் இதை வந்து பார்த்துவிட்டுப் போகலாம். (புதிய விண்டோஸில் தமிழைச் சேர்த்தவுடன், எந்த விசைப்பலகை வந்திருக்கிறது என்று மொழி அமைப்பில் பார்த்துவிடுங்கள். உங்களுடையது இல்லையென்றால் அங்கேயே சேர்க்கலாம். மாற்றிக்கொள்ள விண்டோஸ் விசையும் ஸ்பேஸும்.)

கடைசியாக, யாரும் குறிப்புகளில் சேர்க்காத ஒன்று. புகார் எழுதுங்கள். விண்டோஸ் விசையோடு 'எஃப்' அழுத்தினால் ஃபீட்பேக் ஹப் திறக்கும். "நல்லா இல்லை", "பழசே மேல்" என்று எழுதினால் அது குப்பைக்குப் போகும். இன்ன வேலையை முன்பு இரண்டு கிளிக்கில் முடித்தேன், இப்போது ஐந்து ஆகிறது, நாளொன்றுக்கு இத்தனை தடவை இதைச் செய்கிறேன் என்று எழுதுங்கள். உங்களுக்கு முன்னால் வேறொருவர் அதையே எழுதியிருந்தால் புதிதாக எழுதாமல் அதற்கு வாக்குப் போடுங்கள், எண்ணிக்கைதான் அங்கே பேசும். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் பரவாயில்லை, திரையைப் படமெடுத்து ஒட்டுங்கள். டாஸ்க்பாரில் சாளரத்தின் பெயர்கள் 2023இல் திரும்பி வந்தது, வாய் மூடிப் பழகியவர்களால் இல்லை.